யூபோனியத்துக்கு ஏற்ற ஊதுவாய்

கல்லூரியொன்றின் விழா மலரிலே கல்விச் சிறப்பும் சமயத் தொண்டும் விளையாட்டு வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டைப்பற்றி நாம் எழுதப் புகுந்ததைக் கேட்ட மலர்க்குழுவினர் முதலில் நகைத்தனர். ஆயினும் எழுதியே தீர்வதெனத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. விழாவை முன்னிட்டுக் கல்லூரிப் பாண்டு வாத்தியக் குழுவுக்குப் புதிய வாத்தியங்கள் வாங்கி அளித்தல் வேண்டும் என்ற எண்ணம் பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. நிதி திரட்டப்படுகின்றது, விலைப்பட்டியல்கள் வரவழைக்கப்படுகின்றன. அப்பட்டியல்களிலே யூபோனியம் என்னும் வாத்தியத்துக்குப் பெருந்தொகையொன்று குறிக்கப்பட்டிருக்கின்றது. அதன் ஊதுவாய்க்கோ ஒரு வரிதானும் இல்லை. 'வாத்தியத்தோடு எப்படியும் ஒன்று வருமே' என்பது எமக்குக் கிடைத்த மறுமொழி. அம்மறுமொழியோடு நாம் உடன்படுதற்கில்லை.

யூபோனியத்தைப் பெயரளவிலும் அறியாத வாசகர் சிலர் இருத்தல் கூடும். பாண்டு அணிவகுத்து வருங்கால், எக்காளங்களுக்கும் பெருமுரசுக்கும் இடையே, மார்போடு அணைத்து, அகன்ற வாய் வானை நோக்கியிருக்க ஊதப்படும் பித்தளை வாத்தியமே அது. ஏறத்தாழ ஒன்பது அடி நீளமுள்ள குழாய், தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிப்படியாக விரிந்து செல்லுமாறு வளைத்து அமைக்கப்பட்டது. துரோம்போனும் அதே நீளமுடையதே. ஆயின் அதன் குழாய் பெரும்பகுதி ஒரே அகலமாய்ச் செல்வதால் ஒலி கூர்ந்து பாய்கின்றது. யூபோனியத்தின் ஒலியோ கனிந்து பரவுகின்றது. 'இனிய குரலுடையது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. ஜேர்மனியிலே வைமார் நகரத்தவரான பெர்டினண்ட் சொம்மர் 1843ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஆங்கிலேயரின் பித்தளை வாத்தியக் குழுக்களிலும் இராணுவப் பாண்டுகளிலும் வேரூன்றி, அவர் வழியே எமது நாட்டுப் பாடசாலைகளையும் இது வந்தடைந்தது. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்னும் ஆங்கில இசைப்புலவர் 1911இல் இராணுவப் பாண்டுக்கென இயற்றிய இரண்டாவது இசைத்தொகுப்பிலே, முதற்பகுதியில் இவ்வாத்தியம் தனித்து நின்று பாடுமாறு ஓரிடம் வைத்தார். அவ்விடத்தை ஒருமுறை கேட்டவர், யூபோனியத்தைப் பின்னணிக்கு உறுமும் வாத்தியமென்று இகழார்.

இனி ஊதுவாய்க்கு வருவோம். பாண்டுக்காரர் 'மௌத்பீஸ்' என்றே வழங்குவர். இதன் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு எமது கோயில் வீதியை விடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. திருவிழாவிலே நாதசுரக் கலைஞர் ஒருவரின் வாத்தியத்தைக் கூர்ந்து நோக்குக. அதன் மேற்புறத்தே சீவாளிகள் பலவும் ஊசியொன்றும் கோவையாகத் தொங்கும். திருவாவடுதுறைச் சீவாளியென்றால் அவருக்குத் தனி மதிப்பு. வாசிப்பதற்கு முன் ஒன்றை எடுப்பார், உமிழ்நீரில் நனைப்பார், பீப்பீ என ஊதிப் பார்ப்பார், மனங்கொள்ளாதாயின் விலக்கி மற்றொன்றை எடுப்பார். இணுவிலிலும் அளவெட்டியிலும் இதனைக் கண்டு வளராத பிள்ளைகள் இல்லை எனலாம். 'வாத்தியத்தோடு வந்த சீவாளி போதும்' என்று அவரிடம் சொல்ல எவர் துணிவார்?

ஒரு வேறுபாடும் உண்டு. அது எமது வாதத்தை மேலும் வலியுறுத்துவது. நாதசுரத்தில் அதிர்வது சீவாளி. யூபோனியத்தில் அதிர்வது ஊதுபவனுடைய உதடுகளேயாம். ஊதுவாய், அவ்வுதடுகளைத் தாங்கி, அவற்றின் எவ்வளவு பகுதி அதிரலாம் என்று வரையறுத்து, அதிர்ந்த காற்றைக் குழாய்க்குள் வழிப்படுத்தும் ஒரு சட்டகம் மாத்திரமே. நாதசுரக்காரர் சீவாளியை மாற்றிக்கொள்வார். பிள்ளையோ தன் உதட்டையும் பல்வரிசையையும் மாற்றிக்கொள்ளுதல் இயலாது. ஆகவே மாற்றத்தக்கது ஊதுவாய் ஒன்றே.

இதனை ஓராத காரணத்தால் விளைந்த தீங்கொன்றை நாம் நேரில் அறிவோம். பாடசாலையின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. அங்கே பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனைக் கோர்னெற்றிலிருந்து யூபோனியத்துக்கு மாற்றினார்கள். சுருதி நில்லாது, ஒலி கரகரக்கும், மேல்நோக்கிச் செல்லுந்தோறும் நடுங்கும். 'உனக்கு உதடு தடிப்பு. இது சரிவராது' என்று கூறிப் பெருமுரசு தூக்க வைத்தனர். சில மாதங்களின் பின், இராணுவப் பாண்டிலே பணிபுரிந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் அங்கு வந்து, அவ்வாத்தியத்தைக் கையிலெடுத்து ஊதுவாயை அசைத்துப் பார்த்தார். ஆடியது. வெளியே எடுத்தார், தண்டைச் சுற்றிக் கடதாசி சுற்றியிருந்தது! துரோம்போனுக்குரிய சிறுதண்டு ஊதுவாயை, அதைவிட அகன்ற குழாய்க்குள் கடதாசி கொண்டு இறுக்கியிருந்தனர். பொருத்தமான ஊதுவாயொன்றை அவர் தருவித்தார், வாத்தியம் திருந்தியது. அப்பையனோ அதற்குள் பாண்டை விட்டே விலகிவிட்டான். தனக்கு இசை வாராது என்பதை அவன் பெரியோர் வாய்மொழியாகவே கேட்டுவிட்டான் அன்றோ? அவனைத் திரும்ப அழைத்துவர எவரும் சென்றதாக நாம் அறியோம்.

தண்டின் அளவே முதற்கண் நோக்கவேண்டியது. யூபோனிய ஊதுவாய்களின் தண்டு சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகைப்படும். மூன்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும், கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் காதுக்குப் புலப்படும். மாணவருக்கென யமஹா நிறுவனத்தார் செய்யும் எளிய வகை யூபோனியங்கள் சிறுதண்டுக்கு உரியன. உயர்தர வாத்தியங்கள் இன்று பெரும்பாலும் பெருந்தண்டையே ஏற்பன. நடுத்தரத் தண்டுதான் எமது பாடசாலைகளில் இடர் விளைப்பது. பெசன், பூசி அன்ட் ஹோக்ஸ் ஆகிய ஆங்கில நிறுவனங்களின் பழைய யூபோனியங்கள் இவ்வகையினவே. 1970களிலேதான் அவர்கள் பெருந்தண்டுக்கு மாறினார்கள். பழைய பாடசாலைகளின் களஞ்சிய அறைகளிலே துணி சுற்றிக் கிடக்கும் ஆங்கில வாத்தியங்கள் பல நடுத்தரத் தண்டை வேண்டுவன. கடைகளிலே எளிதிற் கிடைப்பனவோ சிறிதும் பெரிதுமே. சிறியது உள்ளே அளவுக்கு மிஞ்சி இறங்கி ஆடும். பெரியது நுனியளவே புகுந்து வெளியே நிற்கும். இரண்டினாலும் சுருதி கெடும். நன்கு பொருந்திய தண்டு ஓரங்குல அளவு உட்சென்று, அசைத்தால் அசையாது நிற்கும். இச்சோதனைக்கு இசையறிவு வேண்டியதில்லை. இரு விரல்கள் போதும். கடதாசியும் நூலும் சுற்றுதலை எக்காரணத்தாலும் அனுமதித்தலாகாது என்பது எமது உறுதியான கருத்து.

அடுத்தது எண்ணைப் பற்றிய மயக்கம். ஊதுவாய்களின் மேல் எண்ணும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வெண்களுக்குப் பொதுவிதி ஏதும் இல்லை. 1918இல் நியூயோர்க் நகரிலே ஊதுவாய் செய்யத் தொடங்கிய வின்சன்ற் பாக் என்பாரின் முறைப்படி எண் குறையக் குறையக் கிண்ணம் அகலும்: 12 சி என்பது ஏறத்தாழ 24½ மில்லிமீற்றர், 6½ ஏ.எல். என்பது 25.4, 4 ஜி என்பது 26ஐ அடுத்தது. ஷில்கே நிறுவனத்தாரின் முறையோ இதற்கு நேர்மாறு. எண் கூடக் கூட அகலம் கூடும். அவர்களுடைய 51 டி யூபோனியக்காரரிடையே பேர்பெற்றது. இவற்றுக்கும் மேலாக, 1957 முதல் 1988 வரை இலண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவிலே தலைமைத் துரோம்போன் கலைஞராக விளங்கிய டெனிஸ் விக் வகுத்த முறை தனியானது. ஆகவே 'நாலாம் நம்பர் ஒன்று அனுப்புக' என்று கடைக்கு எழுதுதல், 'நல்ல செருப்பு ஒரு சோடி அனுப்புக' என்று எழுதுவதை ஒக்கும். மற்றுமோர் எச்சரிக்கை: ஒரே எண்ணுடைய ஊதுவாயே வெவ்வேறு தண்டளவுகளில் வெளிவருகின்றது. எண் கிண்ணத்தைச் சொல்லும், தண்டைச் சொல்லாது. கடிதத்திலே இரண்டையும் எழுதவேண்டும்.

கிண்ணத்தின் அகலமும் ஆழமும், விளிம்பின் தடிப்பும், தொண்டையின் துளையும் என நான்கினைக் கலைஞர் ஆராய்வர். இவற்றுள் அகலமும் ஆழமுமே பாடசாலைப் பிள்ளைக்கு முக்கியமானவை என எண்ணுகின்றோம். அகன்ற கிண்ணத்தில் உதட்டின் பெரும்பகுதி அதிர்வதால் கீழ்ச்சுரங்கள் நிறைந்து ஒலிக்கும். உதட்டின் தசை விரைவிற் களைக்கும். ஒடுங்கிய கிண்ணம் மேற்சுரங்களுக்கு இலகுவானது, கீழே மெலியும். ஆழமான கிண்ணம் ஒலியைக் கனிவிக்கும். ஆழம் குறைந்தது அதனைப் பளிச்சிடச் செய்யும். பளிச்சிடும் ஒலி துரோம்போனுக்கு அணி; யூபோனியத்துக்கோ குற்றம். இதனாலேயே, தொடக்க நிலைத் துரோம்போன்களோடு பெட்டியில் வரும் ஆழங்குறைந்த 12 சி வகையை யூபோனியத்துக்கு நாம் விரும்புவதில்லை. தண்டு பொருந்தினும் குரல் பொருந்தாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 6½ ஏ.எல். அல்லது அதனையொத்த அளவு தக்கது. இரண்டு மூன்று ஆண்டு பயின்று, நீண்ட மூச்சும் உதட்டுவலிமையும் பெற்ற பின், 51 டி அல்லது ஸ்டீவன் மீட் என்னும் யூபோனிய வித்தகரோடு இணைந்து டெனிஸ் விக் நிறுவனத்தார் உருவாக்கிய எஸ்.எம். 4 போன்றவற்றுக்குச் செல்லலாம். எஸ்.எம். 4இல் நடுத்தரத் தண்டுடையதும் செய்யப்படுகின்றது. பழைய ஆங்கில வாத்தியமுடைய பாடசாலைகள் இதனைக் குறித்துவைத்தல் நன்று.

விளிம்பைப்பற்றிச் சுருங்கச் சொல்வோம். அகன்ற விளிம்பு உதட்டை நோகச் செய்யாது. ஆயின் சுரம் விட்டுச் சுரம் தாவுதற்குத் தடையாகும். ஒடுங்கியது இதன் மறுதலை. நடுத்தரமே பிள்ளைகளுக்குப் போதும். தொண்டைத் துளை பெரிதாயின் காற்று தாராளமாகச் செல்லும். செல்லுதற்குரிய காற்று நெஞ்சில் இருக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இவ்விடத்தே மாற்றுக் கருத்தொன்றையும் எடுத்து நோக்குதல் நேர்மை. 'தொடக்கத்திலேயே பெரிய ஊதுவாயைக் கொடுத்துப் பழக்கினால் ஒலி பெரிதாகும். பின்னர் மாற்றும் தொல்லையும் இல்லை' என்று வாதிப்போர் உளர். அவருள் எம்மைவிட இசையறிவு மிக்கோரும் உளர். தேர்ந்த கலைஞருடைய அழகிய ஒலியைக் கேட்டு, அவர் கையாளும் ஊதுவாயின் எண்ணை விசாரித்து, அதனையே சிறுவனுக்கும் வாங்கிக் கொடுப்பது இக்கருத்தின் வழிப்பட்டதே. அக்கலைஞருடைய ஒலி முப்பது ஆண்டுச் சாதகத்தின் பயன், கடையில் வாங்கியதன்று. சிறுவன் பெரிய கிண்ணத்தை நிரப்பமாட்டாமல் அதனை முகத்தோடு அழுத்துவான். அழுத்த அழுத்த உதட்டில் இரத்த ஓட்டம் தடைப்படும். பயிற்சியில் அரைமணி கழிந்ததும் உதடு மரத்துவிடும். அழுத்தி ஊதும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் அதனை நீக்குதல் எளிதன்று. இதனைப் பாண்டு ஆசிரியர் எவரும் ஒப்புவர். அண்ணனுடைய சப்பாத்தைத் தம்பிக்கு அணிவித்துக் கால் வளரட்டும் என்று காத்திருப்போர் உளரெனினும், அச்சப்பாத்தோடு அவனை ஓட்டப்போட்டிக்கு அனுப்புவார் இல்லை. ஆதலின் பெரிதே நன்று என்னும் கொள்கையை எம்மால் ஏற்க முடியவில்லை. ஒருவகையில் மட்டும் அவர்கள் கூற்று உண்மை: ஓராண்டுக்குள் மூன்றுமுறை ஊதுவாய் மாற்றுபவன் எதனையும் கற்கமாட்டான். மாற்றம் அருகியே நிகழவேண்டும். நிகழும்போது காரணத்தோடு நிகழவேண்டும்.

தெரிவுசெய்யும் முறை யாது? புதிய ஊதுவாய் முதல் ஒருமணி நேரம் எவரையும் ஏமாற்றும். புதுமையின் உற்சாகத்தால் எல்லாச் சுரமும் எளிதாகத் தோன்றும். ஆகையால் இரண்டு வாரமாவது வைத்திருந்து பார்க்கவேண்டும். முதலில் கீழ்ஸ்தாயிச் சுரமொன்றை மெல்ல, நீளமாகப் பிடிக்கச் செய்க. ஒலி தொடங்கும் கணத்திலே காற்று மட்டும் சீறுமாயின் கிண்ணம் பெரிதென ஐயுறலாம். பின்னர் சட்சத்திலிருந்து மேற் சட்சத்துக்கு நாக்கினால் வெட்டாது இழைந்து செல்லச் செய்க. வால்வு அழுத்தாமல் ஊதும்போது எழும் மேல்ஸ்தாயிப் பஞ்சமம் யூபோனியங்கள் பலவற்றில் சற்றே ஏறி ஒலிப்பது வழக்கம். வாத்தியத்தோடு கூடப்பிறந்த அக்குறையை ஓர் ஊதுவாய் மிகுவிக்கின்றதா தணிக்கின்றதா எனக் காதைக் கூர்ந்து கேட்கவேண்டும். கருநாடக இசை பயின்ற ஆசிரியர் ஒருவர் சுருதிப் பெட்டியோடு பக்கத்தில் அமர்ந்திருப்பாராயின் இச்சோதனை ஐந்து நிமிடத்தில் முடியும். எமது கல்லூரிகளிலே மேனாட்டு வாத்தியப் பகுதியும் கருநாடக இசைப் பகுதியும் ஒன்றையொன்று எட்டிப்பாராமல் இருப்பதேன் என்று நாம் பலகாலும் வியந்ததுண்டு. நிற்க. ஊதுபவனுக்குத் தன் ஒலி சரியாகக் கேட்பதில்லை. வாத்தியத்தின் வாய் மேல்நோக்கியன்றோ இருக்கின்றது? ஆகையால் மண்டபத்தின் கோடியில் ஒருவர் நின்று, எந்த ஊதுவாய் என்று அறியாமலே கேட்டுச் சொல்லுதல் வேண்டும்.

உலோகத்தைப்பற்றி வீண் விவாதம் மிகுதி. பித்தளையில் வெள்ளி முலாம் பூசியதே பொதுவழக்கு; அதுவே போதும். வெள்ளி சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. அன்னார் பொன்முலாம் பூசியதையோ, வலிய பிளாஸ்டிக்கினால் ஆனதையோ நாடலாம். பிளாஸ்டிக் ஊதுவாய் விலை மலிந்தது. ஒலி சற்று மங்கும் என்பர். முலாம் தேய்ந்து பித்தளை வெளித்தோன்றும் விளிம்பை மட்டும் பிள்ளைகளின் உதட்டில் வைத்தலாகாது. புண்ணும் கடியும் உண்டாகும். எமது பாடசாலைக் களஞ்சியங்களில் அத்தகையன உள்ளன என்பதை யாவரும் அறிவர்.

இன்னுமொன்று கூறாது விடுதல் தகாது. ஒரே ஊதுவாயை நான்கு பிள்ளைகள் மாறி மாறி ஊதுவது நெடுநாளைய வழக்கம். சட்டையில் துடைத்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டுவான். அவனும் கூசாது வாங்குவான். எச்சில் என்பதைப் பெரிதாகக் கொள்ளும் எமது சமூகம் இதனை எவ்வாறு பொறுத்ததோ அறியோம். 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின்னராவது இவ்வழக்கம் ஒழிந்திருக்கவேண்டும். ஒழியவில்லை. பிள்ளைக்கு ஓர் ஊதுவாய் என்ற விதி சுகாதாரத்துக்கும் இசைக்கும் ஒருங்கே பொருந்துவது. தன்னுடையதென்று ஒன்றைப் பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சிறுவன், வாத்தியம் இல்லாத வேளையிலும் அதனை மட்டும் வாயில் வைத்து உதட்டை அதிரச் செய்து பழகலாம். அயலவர் சிலநாள் முறையிடுவர், பொறுத்துக்கொள்வர்.

செலவைக் காட்டி மறுத்தல் இயலாது. நல்ல ஊதுவாயொன்றின் விலை உயர்தர யூபோனியத்தின் விலையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. புதிய வாத்தியம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதற்கு முன், களஞ்சியத்தில் உள்ள பழைய யூபோனியங்களை வெளியே எடுத்து, அவற்றின் குழாய் எத்தண்டை ஏற்கின்றது என்று அளந்து எழுதுக. பொருந்தாத ஊதுவாய்களைப் பிரித்து வைக்குக. விழுந்து நுனி நெளிந்த தண்டுகளும் பல இருக்கும்; அந்நெளிவும் காற்றைத் தடுத்து ஒலியைக் கெடுக்கும். கூம்பிய எஃகுக்கோல் ஒன்றால் அவற்றைத் திருத்தலாம். இப்பணி முடிந்தபின், இவ்வாண்டு யூபோனியம் பயிலும் பிள்ளைகளின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் தண்டும் கிண்ணமும் பொருந்திய ஊதுவாயொன்று வாங்கிக் கொடுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். பின்னர் எஞ்சும் பணத்திற்குப் புதிய வாத்தியம் வாங்குவது பற்றிச் சங்கத்தார் ஆலோசிக்கட்டும்.

கடைக்கு எழுதும் கடிதத்தின் அடியிலே, சிக்கிய ஊதுவாயை இழுத்தெடுக்கும் திருகுக் கருவி ஒன்றையும் சேர்த்து எழுதுவாராக. ஊதுவாயை உள்ளங்கையால் அறைந்து செருகும் பழக்கம் பிள்ளைகளை விட்டு இலகுவில் நீங்காது. மெல்ல ஒரு சிறு திருப்பு திருப்பி வைத்தால் போதும் என்று எத்தனைமுறை கூறினும், விளையாட்டுப் போட்டியின் முதல்நாள் ஒன்று எப்படியும் சிக்கிக்கொள்ளும். அன்று குறடும் சுத்தியலும் தேடி மரவேலைக் கூடத்துக்கு ஓடுவதற்கு அக்கருவி எவ்வளவோ மேல்.